இன்ஜின் பில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முதல் போன் முதல் முதல் ஸ்டார்ட் வரை

தேவைக்கேற்ப இன்ஜின் கட்டித்தரும் பில்டரைத் தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் வரும்?" அடுத்தது, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" இன்ஜினைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இரண்டுக்கும் டக்கென்று பதில் சொல்கிறவரிடம்தான் வேலை போய்ச் சேருகிறது. வம்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

நம்பகமான பில்டர் அளப்பார், அளந்ததை எழுதுவார், எழுதியதை உங்கள் கையில் கொடுப்பார். அவர் அப்படிப்பட்டவரா என்பதைப் பெரிய பணம் கைமாறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளத்தான் கீழே உள்ள படிகள். வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தேவையை ஒரே தாளில் எழுதுங்கள்

வண்டியின் எடை, கியர் விகிதம், டயர் அளவு, கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன், தினசரி ஓட்டமா ட்ராக்கா, டர்போ இருக்கிறதா, பின்னாளில் போடும் எண்ணம் உண்டா, எந்த ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும், புகைச் சோதனையில் தேற வேண்டுமா. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கம்ப்ரஷன், பிஸ்டன் வகை மூன்றையும் தீர்மானிப்பது இந்தத் தாள்தான். ஒரு உதாரணம்: அதிக டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்) உள்ள கேம் போட்டால் ஐடிலில் மேனிஃபோல்டு வேக்யூம், அதாவது காற்று உள்ளே வரும் குழாயில் உண்டாகும் வெற்றிடம், குறையும். பிரேக் பூஸ்டர் அந்த வேக்யூமை நம்பித்தான் வேலை செய்கிறது. இதை முன்கூட்டியே பேசாதவர்களுக்கு, இன்ஜின் ஏறிய பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி இறுகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

தாளில் குதிரைத்திறன் இலக்கை எழுதலாம். ஆனால் கடைசி வரியாக எழுதுங்கள்.

2. பழைய இன்ஜினின் நிலையைப் பதிவு செய்யுங்கள்

இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன், லீக்டவுன் (சிலிண்டரிலிருந்து காற்று கசியும் அளவு), சூடான நிலையில் ஆயில் பிரஷர் ஆகிய மூன்றையும் எடுத்துக் குறித்து வையுங்கள். பிளாக்கில் உள்ள எண், ஹெட்டின் வார்ப்பு எண் இரண்டையும் போட்டோ எடுங்கள். கொடுத்த பிளாக்தான் திரும்பி வந்ததா என்று பின்னால் சரிபார்க்க வேறு வழி இல்லை.

வடித்த ஆயிலையும் பழைய ஃபில்டரையும் தூக்கிப் போடாதீர்கள். ஆயில் சம்ப்பைக் கழுவவும் வேண்டாம். அடியில் கிடக்கும் துகள்தான் இன்ஜின் ஏன் போனது என்று சொல்லும். பேரிங் ஏன் உருகியது என்று தெரியாமல் புது பேரிங் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். உங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத பில்டரை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

3. பாகம் எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் பணம் விடும் இடம் இது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 86.50 மி.மீ. பிஸ்டன் செட்டை வாங்கி வைத்துவிடுவார்கள். பிரித்து அளந்தால் ஒரு சிலிண்டரில் கீறல் ஆழமாக இருக்கும், 87.00 வரை போர் பண்ணினால்தான் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கினால்தான்) போகும். வாங்கிய செட் அலமாரிக்குப் போகும்.

சரியான வரிசை இது: பிரித்து அளப்பது, போர் அளவை முடிவு செய்வது, பிஸ்டனை ஆர்டர் செய்வது, வந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளப்பது, அந்த அளவுக்கேற்பக் கடைசி ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது). பிஸ்டன் கைக்கு வராமல் "போர் வேலையை முடித்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி வேலை செய்கிறார் என்று பொருள்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பாகத்துக்குப் பல பில்டர்கள் உத்தரவாதம் தர மாட்டார்கள். அது நியாயம்தான். அந்தப் பாகத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

4. நான்கைந்து பேரைப் பட்டியலிட்டு போனில் பேசுங்கள்

விமர்சனங்களைப் படிக்கும்போது இன்ஜின் கைக்கு வந்த வாரம் எழுதியவற்றைத் தள்ளிவிடுங்கள். ஓரிரு வருடம் ஓட்டியவர் எழுதியதைத் தேடுங்கள். "பிரச்சினை வந்தது, இப்படிச் சரிசெய்து கொடுத்தார்" என்ற ஒரு வரி ஐந்து நட்சத்திரத்தைவிடப் பெரிய சான்று.

போனில் கேட்க வேண்டியவை:

என் இன்ஜின் குடும்பத்தில் எத்தனை கட்டியிருக்கிறீர்கள், அதில் வழக்கமாக எது முதலில் போகும்? கட்டியவருக்குப் பதில் நுனி நாக்கில் இருக்கும்.

மெஷின் வேலை உங்கள் இடத்திலேயே நடக்கிறதா, வெளியே போகிறதா? வெளியே அனுப்புவது தவறல்ல. திரும்பி வந்ததை நீங்கள் மறுபடி அளப்பீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி.

என் பிளாக்குக்கு டார்க் பிளேட் வைத்திருக்கிறீர்களா? ஹெட் போல்ட்டை முறுக்கும்போது சிலிண்டர் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் வளைகிறது. கனமான பிளேட்டை ஹெட்டின் இடத்தில் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி வைத்து ஹோன் செய்தால்தான், ஹெட் ஏறியபின் துளை வட்டமாக இருக்கும். இல்லையென்றால் பிஸ்டன் ரிங் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் ஆயிலை விடும்.

எந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவீர்கள்? எதையும் மறுக்காதவர் உங்கள் இன்ஜினிலும் எதையும் மறுக்க மாட்டார்.

பேச்சு முடிந்தபின் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் படியில் எழுதிய தாளில் உள்ளவற்றை அவராகவே எத்தனை கேட்டார்? வண்டி எடையும் பெட்ரோலும் கேட்காமல் கேம் பெயரைச் சொன்னவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

5. பட்டறையை நேரில் பாருங்கள்

பளபளப்பைப் பார்க்க வேண்டாம். மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

அசெம்பிளி நடக்கும் இடம் கிரைண்டிங் நடக்கும் இடத்திலிருந்து தனியாக இருக்கிறதா? பறக்கும் தூள் ஒரு சிட்டிகை பேரிங்கில் விழுந்தால் போதும்.

பாதி முடிந்த இன்ஜின்கள் பிளாஸ்டிக் பையால் மூடிக் கிடக்கின்றனவா, யாருடையது என்ற சீட்டு ஒவ்வொன்றிலும் இருக்கிறதா? வால்வு, ராடு, பேரிங் கேப் எல்லாம் அதனதன் இடத்துக்கே போக வேண்டியவை. ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் அது கவனக்குறைவு.

மூன்றாவது, கழுவும் இடம். ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர் சுவரின் குறுக்குக் கோடுகளில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தெளித்துத் துடைத்தால் போகாது. சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும்தான் வேண்டும். கழுவி முடித்த பிளாக் ஏதாவது இருந்தால், ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் ஒரு சிலிண்டரைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். துணி சாம்பல் நிறமானால் அந்தப் பொடி இன்னும் உள்ளே இருக்கிறது. புது ரிங்கை அது முதல் மணி நேரத்திலேயே தின்ன ஆரம்பிக்கும். அப்படியே அலுமினிய ஹெட்டை எதில் கழுவுகிறார் என்றும் கேளுங்கள். இரும்பு பிளாக்குக்கான காஸ்டிக் தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் அது அரித்துவிடும்.

6. பழைய பில்டு ஷீட் ஒன்றைக் கேளுங்கள்

ஆளைக் கண்டுபிடிக்கும் இடம் இதுதான். முந்தைய வாடிக்கையாளரின் பெயரை மறைத்து, ஏற்கெனவே கட்டிய ஒரு இன்ஜினின் அளவுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் மனசில் இருக்கு" என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தாள் வந்தால் இப்படிப் படியுங்கள்.

சிலிண்டர் அளவு: ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேல், நடு, கீழ் என மூன்று உயரம், ஒவ்வொரு உயரத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசை. ஆக ஆறு எண். "போர் ஓகே" என்று எழுதியிருந்தால் அது அளவே அல்ல. நான்கு சிலிண்டரின் இருபத்து நான்கு எண்களும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உண்மையில் அளந்தால் ஓரிரு மைக்ரானாவது அங்கங்கே மாறும்.

பிஸ்டன் இடைவெளி: ஒவ்வொரு பிஸ்டனும் தனித்தனியாக, தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில், ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில்) அளந்திருக்க வேண்டும். போர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் வார்ப்பு பிஸ்டனைவிட அதிக இடைவெளி கேட்கும். இரண்டுக்கும் ஒரே எண் எழுதுகிறவர் பழக்கத்தில் வேலை செய்கிறார்.

அளக்கும் சூழலும் முக்கியம். 86 மி.மீ. அலுமினிய பிஸ்டன் 10 டிகிரி சூடானால் சுமார் 0.02 மி.மீ. விரியும். வெயிலில் வந்து இறங்கிய பார்சலைப் பிரித்த கையோடு அளந்தால் இடைவெளிக் கணக்கில் பெரும் பங்கு அங்கேயே பிசகிவிடும். பாகங்களையும் மைக்ரோமீட்டரையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் அளக்கிற பில்டரைப் பார்த்தால் விடாதீர்கள்.

ரிங் கேப்: ஒவ்வொரு ரிங்கையும் அது போகும் சிலிண்டரிலேயே வைத்து ஃபீலர் கேஜால் பார்த்து எழுதியிருக்க வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினில் மேல் ரிங்குக்கு சிலிண்டர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுக் கணக்கு, 86 மி.மீ.க்கு 0.34 மி.மீ. வரும். டர்போ என்றால் ஆயிரத்தில் ஐந்து, ஆறு. பிஸ்டனுடன் வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. கேப் குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டிக்கொள்ளும். பிஸ்டனின் ரிங் மேடு உடையும். கொஞ்சம் கூடினால் நஷ்டம் சிறிது, குறைந்தால் இன்ஜினே போகும்.

பேரிங் இடைவெளி: 50 மி.மீ. ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க்கின் உருளைப் பகுதி) சுமார் 0.05 மி.மீ. என்று தொடங்கலாம். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் நூல்) நசுக்கிப் பார்த்தது மட்டும் இருந்தால் போதாது. ஜர்னலுக்கு மைக்ரோமீட்டர், கேப் இறுக்கிய துளைக்கு போர் கேஜ் என இரு எண்களும் வேண்டும். கம்பெனி போல்ட்டை எடுத்துவிட்டு வலுவான ஸ்டட் போட்டிருந்தால் இறுக்கும் விசை மாறும், மெயின் துளையின் வடிவமும் மாறும். அப்போது லைன் ஹோனிங் (மெயின் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்ப்பது) தேவையா என்று மறுபடி அளந்திருக்க வேண்டும். ஸ்டட் போட்ட குறிப்பு இருக்கிறது, மறு அளவு இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கம்ப்ரஷன் விகிதம்: கணக்கு இருக்க வேண்டும், வெறும் "10" அல்ல. 86 மி.மீ. போர், 86 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 499.6 சிசி. விகிதம் 10 ஆக இருக்க, பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் 55.5 சிசி. ஹெட்டைச் சீவியதில் அதில் 3 சிசி குறைந்தால் விகிதம் 10.5 ஆகிவிடும்; சாதாரண பெட்ரோலில் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வர அது போதும். எனவே ஹெட் அறையை பியூரெட்டால் திரவம் ஊற்றி அளந்த எண், கேஸ்கெட் தடிமன், பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்ற எண், இவை தாளில் இருக்கிறதா பாருங்கள்.

கேம் மாற்றிய இன்ஜினில் இன்னும் இரண்டு வரி: டிகிரி வீல் (கிராங்க்கின் கோணம் காட்டும் தட்டு) வைத்து கேம் டைமிங் பார்த்த எண், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. குறைந்தபட்சமாகப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் அதிகம் என்றால், அந்த வால்வு மூடிக்கொண்டே வரும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வருகிறது. ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தாலும் இடித்துவிடும்.

7. டைனோ தாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

டைனோ என்பது இன்ஜினின் டார்க்கையும் சக்தியையும் அளக்கும் கருவி. டார்க் நியூட்டன் மீட்டரில், சக்தி கிலோவாட்டில் இருந்தால் டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549 ஆல் வகுங்கள். 7000 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் 146.6 கிலோவாட். அதே புள்ளியில் தாளில் வேறு எண் இருந்தால் அந்தக் கோடு அளந்து வந்ததல்ல.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒரு லிட்டருக்கு 100 நியூட்டன் மீட்டர் தொட்டாலே நல்ல வேலை. சாலையில் ஓட்டும் இரண்டு லிட்டர் இன்ஜினில் 260 வந்தது என்று காட்டினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளந்தது சக்கரத்திலா ஃப்ளைவீலிலா, எந்தத் திருத்த முறை (வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கேற்ப எண்ணைச் சரிசெய்வது) போட்டது என்றும் கேளுங்கள். எஸ்ஏஇ ஜே1349 திருத்தத்தைவிடப் பழைய எஸ்டிடி திருத்தம் ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். ஆயில் பிரஷரும் காற்று-எரிபொருள் விகிதமும் அதே தாளில் இருந்தால், அவர் விளம்பரத்துக்காக மட்டும் டைனோ ஏற்றவில்லை.

8. ட்யூனரை முன்பே முடிவு செய்யுங்கள்

ட்யூனர் என்பவர் இன்ஜின் கம்ப்யூட்டரில் எரிபொருள், தீப்பொறி அமைப்பைச் சரிசெய்கிறவர். இன்ஜின் போனால் பில்டர் ட்யூனிங்கைக் குறை சொல்வார், ட்யூனர் கட்டியதைக் குறை சொல்வார். நடுவில் நீங்கள் நிற்பீர்கள். இஞ்செக்டர் அளவு, பிளக்கின் ஹீட் ரேஞ்ச், முதல் ஸ்டார்ட்டுக்கான மேப் (அந்த அமைப்பின் அட்டவணை), நாக்கிங் எல்லை ஆகியவற்றை இருவரும் பேசி எழுத்தில் ஒத்துக்கொள்ளட்டும். ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பதிவுகளை ஆரம்பத்திலிருந்தே சேமித்து வைக்கவும்.

9. முதல் பணம் பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும்

ஆளை முடிவு செய்தபின்னும் முழு வேலைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிரிப்பது, கழுவுவது, விரிசல் சோதனை, அளப்பது. இந்த நான்குக்கு மட்டும் தனி விலை பேசிக் கொடுங்கள். பதிலுக்கு உங்களுக்கு வேண்டியது பாகம் பாகமாக அளவுகளும் போட்டோக்களும்.

இந்த ஒரு படி இரண்டு வேலை செய்கிறது. உங்கள் இன்ஜினின் உண்மை நிலை தெரிகிறது; அதைவிட, சின்ன வேலையில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் தெரிகிறது. சொன்ன தேதியில் அறிக்கை வந்ததா? கேட்ட போட்டோ வந்ததா? அறிக்கை திருப்தியில்லை என்றால் பெட்டியில் போட்டு வேறு இடம் கொண்டுபோகலாம். போவது சின்னத் தொகை.

அதிக ஓவர்சைஸ் போர் திட்டமிருந்தால் சிலிண்டர் சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். வார்ப்பில் உள்ளே உள்ள அச்சு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது.

10. எழுத்தில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு பாகத்தின் பிராண்டும் பார்ட் நம்பரும். ஒவ்வொரு இடைவெளிக்கும் இலக்கு எண். எந்த போல்ட்டெல்லாம் புதிது என்பது. நீட்டி இறுக்கும் வகை போல்ட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், கிளட்ச் யார் பொறுப்பு. கூடுதல் செலவு வந்தால் வேலையைத் தொடரும் முன் உங்கள் ஒப்புதல். பழைய பாகங்கள் உங்களுக்கே திரும்ப வேண்டும்.

பணத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள்: பாகம் ஆர்டர் செய்யும்போது பில்லைப் பார்த்து, மெஷின் வேலை முடிந்து அளவுத் தாள் வந்ததும், மீதி டெலிவரியில்.

உத்தரவாதத்தில் எதெல்லாம் சேராது என்பதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ரேஸ் இன்ஜினுக்கு உத்தரவாதமே இல்லை என்பது வழக்கம்தான். பிளாக்கிலும் ஹெட்டிலும் வெப்ப வில்லை ஒட்டுவார்கள். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும், உருகினால் உத்தரவாதம் போச்சு. வெளியிலிருந்து வரும் தூசும் துகளும் பொதுவாகச் சேராது. இங்கேதான் பழைய ஆயில் கூலர் காலை வாரும்: பேரிங் உருகிய இன்ஜினின் கூலருக்குள் துகள் தங்கியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது, புது இன்ஜினில் நேராகப் பேரிங்குக்குப் போகும். கூலரைப் புதிதாக மாற்றுவதை அப்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

11. வேலை நடக்கும்போது

தினமும் போன் போட்டு நச்சரிக்க வேண்டாம். மூன்று இடங்களில் மட்டும் போட்டோ கேளுங்கள்: ஹோனிங் முடிந்ததும், கிராங்க் உட்கார்ந்ததும், ஹெட் ஏறுவதற்கு முன். மூடிய பின் பார்க்க முடியாதவை இவைதான்.

தேதி தள்ளிப்போவதை மட்டும் வைத்து ஆளை எடை போடாதீர்கள். தவறான அளவில் பிஸ்டன் வந்தால் நல்ல பில்டர் திருப்பி அனுப்புவார், வேலை தள்ளும். தள்ளுவதற்கு முன் அவரே கூப்பிட்டுச் சொல்கிறாரா என்பதுதான் கணக்கு. இடையில் "அப்படியே இதையும் மாற்றிவிடுங்கள்" என்று கேம் விஷயத்தில் மனம் மாறுவது உங்கள் தவறு. அதற்கு முந்தைய அளவுகள் பாதி செல்லாமல் போகும்.

12. கைக்கு வரும்போதும் முதல் ஸ்டார்ட்டிலும்

பிளாக் எண்ணைப் போட்டோவுடன் ஒப்பிடுங்கள். அளவுத் தாள், பழைய பாகங்கள், போட வேண்டிய ஆயில், பிரேக்-இன் (புது இன்ஜினைப் பழக்கி ஓட்டும் முறை) குறிப்பு எல்லாம் வாங்குங்கள். பிளக்குகளைக் கழற்றி கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள்; நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய அது வேண்டும். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்திப் பில்டரைக் கூப்பிடுங்கள்.

பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் எரியவிட வேண்டும். தட்டையான டேப்பட் (கேமில் உரசி வால்வைத் தள்ளும் பாகம்) உள்ள கேம் என்றால், எரிந்த உடனே 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி 20 நிமிடமாவது அங்கேயே வைக்கச் சொல்வார்கள். ஐடிலில் கேம் லோபுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது, முகம் தேய்ந்துவிடும். ரோலர் கேமுக்கு இது தேவையில்லை. ரிங் உட்காருவதற்கு ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிடுவது உதவாது. மிதமான சுமையில் ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் சிலிண்டருக்குள் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு தள்ளும்.

முதல் ஆயிலைச் சீக்கிரம் வடித்து, ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் மினுமினுப்பு புது இன்ஜினில் வரும். நகத்தில் மாட்டும் அளவுக்குச் செதிலோ செம்பு நிறத் துகளோ இருந்தால் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம், நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். சீல் உடைந்தால் உத்தரவாதப் பேச்சே எழாது. ஃபில்டர் தாளைப் பையில் போட்டு, ஈசியூ பதிவோடு பில்டருக்கு அன்றே அனுப்புங்கள்.